வராதே என்று சொன்னால்

பில்நாமின் தொண்டையில் ஒரு கட்டி இருந்தது. தடவினால் தட்டுப்படாது, படம் எடுத்தால் தெரியாது, ஆனால் இருந்தது. விழுங்கினால் இறங்காது, காறினால் வராது. சூசோக் என்னும் அறுவடைப் பண்டிகை நெருங்க நெருங்க வீங்கும். பண்டிகை முடிந்து கடைசிப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்த பிறகு மெல்ல வடியும். கொரியாவின் தேகு நகரத்தில் அறுபதை எட்டிப் பார்க்கும் பெண்களில் பாதிப் பேருக்கு இந்தக் கட்டி உண்டு. கோப நோய் என்று இதற்குப் பெயர். கோபப்பட்டால் வருகிற நோய் இல்லை, கோபத்தை வெளியே விடாமல் விழுங்கினால் வருகிற நோய்.

மூலிகை வைத்தியசாலையில் டாக்டருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பிறகு கேட்டார்.

"யார் மேல கோபம் உங்களுக்கு?"

"யார் மேலயும் இல்லிங்க."

"வீட்டுக்காரர் மேல?"

"அவர் பாவங்க, ஒரு வார்த்தை பேச மாட்டார்."

"நாத்தனார், ஓரகத்தி, இப்படி யாராவது?"

"எல்லாரும் நல்லவங்கதான் டாக்டர். பரவாயில்லிங்க."

டாக்டர் அவள் நெஞ்சுக்கு நடுவே ஒரு விரலை வைத்து லேசாக அழுத்தினார். "ஐயோ!" என்று பில்நாம் கட்டிலைவிட்டு எழும்பிவிட்டாள். "பரவாயில்லைன்னீங்களே" என்று சொல்லிவிட்டு அதே இடத்தில் ஊசியைக் குத்தினார். கிளம்பும்போது புத்திமதி வேறு. மன அழுத்தத்தைக் குறைச்சுக்குங்க, நல்லாத் தூங்குங்க, தினமும் நடங்க, மனசுல இருக்கறதை வாய்விட்டுப் பேசுங்க.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பில்நாமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குறைச்சுக்கணுமாம்! குழம்பில் உப்பைக் குறைக்கிற மாதிரி. இவர் வீட்டில் பண்டிகைக்கு அடுப்படியில் நிற்பது யாராம்? இவரைப் பெற்றவளாகத்தான் இருக்கும். அவளைப் போய்க் குறைச்சுக்கச் சொல்லட்டுமே! இதெல்லாம் மனதுக்குள்தான். டாக்டரிடம் இடுப்பு வளைய வணங்கி, ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

அவளுக்குப் பெயரிலேயே கோளாறு ஆரம்பம். பில்நாம் என்றால் அடுத்தது கட்டாயம் ஆண்பிள்ளை என்று அர்த்தம். நம்ஹே தீவில் பூண்டுத் தோட்டமும் நெத்திலி வலையுமாக இருந்த வீட்டில் முதல் பிள்ளை பெண்ணாகப் போய்விட்ட ஆற்றாமையில் அப்பா வைத்த பெயர். வந்தவளை வா என்று கூப்பிடாமல், வரப்போகிறவனுக்கு வரவேற்பு எழுதி இவள் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். பெயர் பலித்தது. தம்பி பிறந்தான், படித்தான், கனடாவுக்குப் போனான். பண்டிகைக்குப் பண்டிகை வீடியோவில் கையை ஆட்டுவான்.

இவளைத் தேகுவில் பே குடும்பத்து மூத்த மகனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கிளம்புகிற அன்று அம்மா காதில் சொன்னது ஒன்றுதான். "புகுந்த வீட்டுல மூணு வருஷம் குருடா இரு, மூணு வருஷம் செவிடா இரு, மூணு வருஷம் ஊமையா இரு." எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். எப்படிக் கூட்டினாலும் ஒன்பது வருஷத்தில் முடிந்துவிடுகிற தண்டனை. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் பில்நாம் அந்த மூன்றாவது தவணையிலேயே நின்றாள். மாமனார் போனார், மாமியார் போனாள், விடுதலை பண்ண ஆளில்லை, இவளாகவும் வெளியே வரவில்லை.

அதற்காக வீட்டில் சத்தமே இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். இவள் பேச மாட்டாள், பானை மூடிகள் பேசும். பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டிவிட்டு வந்து, இங்கே மறுபடி முள்ளங்கியை எடுத்து வைத்து நறுக்குவாள். பலகை அதிரும். அவள் கணவர் தேஷிக் டவுன்பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று பேர் எடுத்த மனிதர். பெண்டாட்டி முள்ளங்கி நறுக்குகிற சத்தத்தில் என்ன கோளாறு என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சத்தம் கூடினால் செருப்பை மாட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு நடக்கப் போய்விடுவார்.

தேகு ஆம்பிளைகள் வீட்டுக்கு வந்தால் மூன்றே மூன்று பேச்சுதான் என்று நாடு முழுக்கக் கேலி பண்ணும். "பிள்ளைங்க?" "சோறு." "படுப்போம்." இவர்கள் பெற்ற ஒரே பையனும் சியோலில் வேலைக்குப் போய்விட்டதால் தேஷிக்குக்கு அதிலும் ஒன்று மிச்சமாகிவிட்டது.

சரி, கோபத்துக்கு என்ன காரணம்? இதுதான். சூசோக் அன்று காலையில் மூத்த மகன் வீட்டில் முன்னோர்களுக்குப் படையல். பிறைக் கொழுக்கட்டை, அடை வகைகள், உப்புச் சுறா, ஆக்டோபஸ், கீரை, பழம், எல்லாம் மூத்த மருமகள் கையால். படையல் முடிந்ததும் மற்ற மருமகள்கள் தத்தம் பிறந்த வீட்டுக்குக் கிளம்பலாம். ஓரகத்தி டப்பாவில் அடையைக் கட்டிக்கொண்டு பறந்துவிடுவாள். பில்நாம் கிளம்ப முடியாது. ஏனென்றால் மத்தியானம் நாத்தனார் மிகியோங் தன் பிறந்த வீட்டுக்கு வருவாள். பெற்றவர்கள் போன பிறகு மிகியோங்குக்குப் பிறந்த வீடு எது? பில்நாமின் வீடுதான். ஆக, நாத்தனார் பிறந்த வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக அண்ணி பிறந்த வீட்டுக்குப் போகக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் யாரோ, கையில் கிடைத்தால் உப்புச் சுறாவாலேயே நாலு சாத்து சாத்தலாம்.

நம்ஹேக்கு அவள் போகாமல் இல்லை. சாதாரண நாளில் போவாள், சாயங்காலம் திரும்புவாள். பண்டிகையன்று மட்டும் ஃபோன். வருஷா வருஷம் அதே பேச்சு.

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டேம்மா. நீ?"

"ஆச்சு ஆச்சு. நீ வராதே, என்ன? ரோட்டுல ஒரே கூட்டமாம். உன் வீட்டு வேலையைப் பாரு."

"சரிம்மா."

தீர்ந்தது. அம்மாவும் வைத்துவிடுவாள், மகளும் வைத்துவிடுவாள். அம்மா நம்ஹேயிலேயே ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன பிறகும் இதே பேச்சுதான்.

இந்த வருஷம் பண்டிகைக்கு முன்னால் அந்த இல்லத்திலிருந்து சோ என்ற பராமரிப்புக்காரப் பெண் கூப்பிட்டாள். பேச்சில் சுற்றி வளைக்காத பெண்.

"அக்கா, சொல்லிடறேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க. அம்மாவுக்கு இப்ப ஞாபகம் ரொம்ப மோசம். போன வாரம் என்னை அவங்க செத்துப்போன தங்கச்சின்னு கூப்பிட்டாங்க. அடுத்த பண்டிகைக்கு உங்களை அடையாளம் தெரியுமான்னு என்னால சொல்ல முடியாது."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"டாக்டர் கெடக்கட்டும். நீங்க பண்டிகையன்னிக்கு ஏன் வர்றதே இல்ல? போன சூசோக்குக்குப் பட்டு ஹான்போக் உடுப்பைப் போட்டுக்கிட்டு வாசல்கிட்ட நாற்காலி போட்டு உக்காந்தாங்க. பக்கத்துல இன்னொரு நாற்காலி. இருட்டற வரைக்கும் சாப்பிடலை. கேட்டா, பசியில்லைன்னாங்க."

பில்நாம் பள்ளிக்கூடச் சமையல்கூடத்தின் பின்கட்டில் ரப்பர் பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தாள். அதே சூசோக் அன்று அம்மாவும் ஃபோனில் "ஆச்சு ஆச்சு, சாப்பிட்டேன்" என்றுதானே சொன்னாள்? வராதே என்று சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறாள்! அம்மாவின் மேல் பில்நாமுக்கு ஆத்திரம் வந்தது. இந்த ஒரு வருஷம், அம்மாவுக்குத் தன்னைத் தெரிகிற இந்தக் கடைசிப் பண்டிகைக்காவது, அந்த இன்னொரு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு படையல் கிடந்தால் என்ன, கவிழ்ந்தால் என்ன.

போக வேண்டுமென்றால் புருஷனிடம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதற்கு அவள் பட்ட பாடு இருக்கிறதே!

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஆரம்பித்தாள்.

"ஏங்க."

"ம்."

"சோ ஃபோன் பண்ணிச்சு. அம்மா விஷயமா."

தேஷிக் தலையை நிமிர்த்தினார். "நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"சரி" என்று சூப்பைக் குடித்தார்.

அந்த மனுஷன் கேட்டானே! கதவைத் திறந்து வைத்தானே! 'இருக்காங்க' என்று எதற்குச் சொல்ல வேண்டும்? பில்நாமுக்கே தன் வாயில் ஒரு போடு போடலாம் போல இருந்தது.

மறுநாள் ஜாடையாகப் பேசிப் பார்த்தாள். "எதிர்வீட்டு மருமக இந்தப் பண்டிகைக்கு நேரா அம்மா வீட்டுக்கே போறாளாம்."

"அப்படியா?" தேஷிக் நிஜமாகவே யோசித்தார். "அப்ப கீழ ஒரு பார்க்கிங் காலியா இருக்கும். மிகியோங் வண்டியை அங்க விடச் சொல்லலாம்."

அதற்கு அடுத்த நாள் நம்ஹே பஸ் நேரம் அச்சிட்ட காகிதத்தை அவர் உட்காருகிற இடத்தில், அவர் மூக்குக்கு நேரே வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் அதன் மேல் கொதிக்கக் கொதிக்க நூடுல்ஸ் சட்டி. மேஜை சூடு படாமல் இருக்க ஒரு காகிதம் வைத்த புத்திசாலித்தனத்துக்கு அவர் பாராட்டை எதிர்பார்த்தது போலிருந்தது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவளுக்கும் வாய் இருந்தது. சாப்பிட மட்டும் வைத்திருந்தாள்.

இதற்கு நடுவில் குடும்ப அரட்டைக் குழுவில் மிகியோங்கின் செய்தி. 'அண்ணி, இந்த வருஷம் எல்லாம் எளிமையாவே செய்யுங்க, உடம்பைப் பாத்துக்குங்க.' கூடவே கும்பிடு போடும் ஒரு முயல் பொம்மை. அடுத்த நிமிஷமே இன்னொன்று. 'அப்பாவுக்குப் பிடிச்ச உப்புச் சுறாவை மட்டும் விட்டுடாதீங்க. போன தடவை ஆக்டோபஸ் கொஞ்சம் சின்னது.' பில்நாம் என்ன பதில் போட்டாள்? சிவப்பு இதயம் போட்டாள். நெஞ்சில் ஊசி குத்திக்கொண்டு வந்தவள் போடுகிற பதிலா இது!

கட்டி வெடித்தது மீன் கடையில். சில்சோங் சந்தையில் பண்டிகைக் கூட்டம், ஒருவர் கால் மேல் ஒருவர். தேஷிக் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். கடைக்காரி கத்தியைத் தூக்கிக்கொண்டு, "என்னக்கா, வழக்கம்போலப் பெரிய துண்டுதானே?" என்றாள். ஆமாம் என்று சொல்லத்தான் பில்நாம் வாயைத் திறந்தாள்.

"நான் சூசோக்குக்கு நம்ஹே போறேன்."

"அப்ப சுறா?" என்றாள் கடைக்காரி.

"என்ன சொன்னே?" என்றார் தேஷிக்.

"நம்ஹே போறேன். அம்மாகிட்ட. பண்டிகையன்னிக்கே, காலையிலேயே, படையலுக்கு முன்னாடியே!"

"போயேன்."

பில்நாம் திரும்பினாள். "என்னது?"

"போயிட்டு வாங்கறேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்?"

நியாயமாகப் பார்த்தால் அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பூட்டிக் கிடக்கிறது என்று ஆயுசு முழுக்க நினைத்த கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது என்று தெரிந்தால் யாருக்காவது சந்தோஷம் வருமா? எட்டி உதைக்கத்தான் வரும்.

"இத்தனை வருஷம்! ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'நீ போகலையா'ன்னு கேட்டிருப்பீங்களா?"

"போகணும்னு நீ சொல்லவே இல்லியே!"

"சொன்னாத்தான் தெரியுமா? எனக்கும் ஒரு அம்மா இருக்கறது தெரியாதா?"

"உங்கம்மா வர வேண்டாம்னு சொன்னாங்கன்னு வருஷா வருஷம் நீதானே சொல்லுவே? நான் என்னத்தைக் கண்டேன்? உனக்கும் உன் தம்பிக்கும் ஏதோ மனக்கசப்பு, அதான் பண்டிகைக்குப் போறதில்லைன்னு நினைச்சேன்."

"எந்தத் தம்பி? கனடாவுல இருக்கறவனா?"

"அதான் எனக்கும் புரியலை" என்றார் தேஷிக்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கடைக்காரி கத்தியால் பலகையைத் தட்டினாள். "ஏண்ணே, இத்தனை வருஷமா வாயில என்ன, கொழுக்கட்டையா? அக்கா, நீங்க மட்டும் என்னவாம்! அழுத பிள்ளைக்குத்தான் பால். சரி சரி, சுறா வேணுமா வேண்டாமா? பின்னாடி ஆள் நிக்குது."

சுறாவை வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள். கார் சிவப்பு விளக்கில் நிற்கும்போது தேஷிக் தொண்டையைச் செருமினார்.

"படையலை நான் பாத்துக்கறேன்."

"அடை சுடற சட்டி எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

"கேட்டா சொல்லுவேல்ல?"

"மேல் அலமாரியில" என்றாள், பச்சை விழுந்த பிறகு.

மிகியோங்கைக் கூப்பிடுவது அதைவிடக் கஷ்டம். வயதில் சின்னவள்தான், ஆனாலும் புருஷனின் தங்கை. கல்யாணமான நாளிலிருந்து வாங்க போங்க என்றுதான் பேச்சு. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"அப்ப நான் எங்க வர்றது அண்ணி?"

"உங்கண்ணன் வீட்டுலதானே இருக்காரு? வாங்க."

"அண்ணி இல்லாத வீடு ஒரு பிறந்த வீடா? பண்டிகையும் அதுவுமா, வாசல்ல வான்னு சொல்ல ஆளில்லாம."

வழக்கமாக இந்த இடத்தில் பில்நாம், 'சரி விடுங்க, பரவாயில்லை, நான் அப்புறமாப் போய்க்கறேன்' என்பாள். அந்த வார்த்தை பல்வரைக்கும் வந்துவிட்டது. பிடித்து நிறுத்தினாள்.

"எனக்கும் வான்னு சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருக்காங்க மிகியோங். அவங்களும் மறந்துட்டே வர்றாங்க. முழுசா மறக்கறதுக்குள்ள போகணும்."

"உங்க இஷ்டம்" என்று மிகியோங் வைத்துவிட்டாள். அதன் பிறகு அரட்டைக் குழுவில் முயலும் இல்லை, கும்பிடும் இல்லை. பில்நாம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள், அழித்தாள். ஒருத்தி கோபித்துக்கொண்டால் உலகம் கவிழ்ந்துவிடுமா? கவிழவில்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை. பண்டிகைக்கு முதல் நாள் பார்த்தால், போகிறவள் பேசாமல் போக வேண்டியதுதானே, மாவைக் கரைத்து வைத்துக்கொண்டு அடை சுட்டுக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால், "கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்றாள். இவளை என்ன சொல்லித் திட்டுவது?

பண்டிகையன்று நெடுஞ்சாலை, அம்மா சொன்னதற்கு மேலேயே நெரிந்தது. பஸ் ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. பாதி வழியில் தேஷிக்கின் ஃபோன்.

"படையல்ல மீன் தலை எந்தப் பக்கம்?"

"கிழக்கு."

"கிழக்கு எது?"

"டிவி இருக்கற பக்கம்!" என்று பில்நாம் கத்திய கத்தலில் முன் இருக்கைக்காரர் விழித்துக்கொண்டார். மத்தியானம் மறுபடி அடித்தது. "மிகியோங் வந்துட்டா. தேன் பலகாரமும் இல்லாம கீரையும் வேகாம என்ன படையல்னு ஏசறா. ஆனா பாத்திரம் அவதான் கழுவறா" என்றார். பில்நாமுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

நம்ஹே பாலத்தைத் தாண்டும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. இல்லத்துக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, சோ சொன்னபடியே, அம்மா உட்கார்ந்திருந்தாள். இளஞ்சிவப்பு ஹான்போக், வாரி முடிந்த வெள்ளை முடி, பக்கத்தில் காலி நாற்காலி. பில்நாம் செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் ஓடினாள்.

"அம்மா!"

அம்மா மரியாதையாகத் தலையைக் குனிந்து வணங்கினாள். "வாங்க. யாரைப் பாக்கணும்?"

பின்னால் நின்ற சோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். "காலையில எம்பொண்ணு வருவா வருவான்னு தெளிவாத்தான் இருந்தாங்க அக்கா. மத்தியானத்துக்கு அப்புறம்தான்."

நெடுஞ்சாலை, அடை சுட்ட நேரம், மூன்று நாள் ஜாடைப் பேச்சு, எல்லாவற்றையும் பில்நாம் ஒரே மூச்சில் சபித்தாள். காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மா அவளைப் புதிதாக வந்த பராமரிப்புக்காரி என்று முடிவு கட்டிவிட்டாள்.

"புதுசா? பண்டிகையன்னிக்குமா வேலை? பாவம். வீட்டுல அம்மா இல்லியா?"

"இருக்காங்க."

"அப்ப போக வேண்டியதுதானே? எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. தேகுல, பெரிய குடும்பத்து மூத்த மருமக. சூசோக்குக்கு வரவே மாட்டா."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"கூப்பிடறதாவது! வராதேன்னு சொன்னேன்."

"வராதேன்னு சொன்னா எப்படி வருவா?"

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள், இப்படி ஒரு மக்கு உண்டா என்பது போல. "நீ என்ன பொண்ணு! பெத்தவ வேற என்ன சொல்லுவா? வான்னு சொன்னா அவ புகுந்த வீட்டுல என்ன பாடு படுவா! வராதேன்னு நான் சொல்லணும். வந்து நிக்க வேண்டியது அவ. வராதேன்னா நிஜமாவே வராம இருந்துடறதா?"

"ஒரு தடவை வான்னு சொல்லியிருக்கலாமே!" பில்நாமின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. பக்கத்து மேஜைக் கிழவர்கள் சீட்டாட்டத்தை நிறுத்தினார்கள். "ஒரே ஒரு தடவை! முழுசாக்கூட வேண்டாம், பாதி வார்த்தை! ஓடி வந்திருப்பேனே! அங்க நின்னு சுறா பொரிச்சுக்கிட்டு இருந்தேனே நான்!"

"நீ ஏம்மா கத்தறே?"

"நான்தாம்மா அது! பில்நாம்! உம் பொண்ணு!"

அம்மா குனிந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். பிறகு தலையை ஆட்டினாள். "அவ இவ்வளவு கெழவி இல்ல."

சோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும். பில்நாமுக்கும் அப்படித்தான். இதற்கு யாரைப் போய்க் கோபிப்பது?

கொஞ்ச நேரம் அம்மா ஹான்போக்கின் நாடாவை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, சோவைக் கையாட்டிக் கூப்பிட்டாள். "அவளுக்கு ஒரு ஃபோன் போட்டுக் குடு. இந்தப் பொண்ணு சொல்றதும் சரிதான். வான்னு சொல்லிப் பாக்கறேன்."

சோ பில்நாமைப் பார்த்தாள். பில்நாம் எழுந்து, கைப்பையோடு துணி துவைக்கிற அறைப் பக்கம் திரும்பிச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். பைக்குள் ஃபோன் அடித்தது.

"பில்நாமா?"

குரல் தெரிந்தது அம்மாவுக்கு. முகம் போய்விட்டது, குரல் இருந்தது.

"ஆமாம்மா."

"சாப்பிட்டியாடி?"

"சாப்பிட்டேன்."

"படையல் முடிஞ்சுதா? நாத்தனார் வந்தாச்சா?"

"எல்லாம் ஆச்சும்மா."

அம்மாவின் மூச்சு ஃபோனிலும் கேட்டது, சுவரைத் தாண்டி நேராகவும் கேட்டது. சொல்லும்மா, இப்பவாவது சொல்லேன், என்று பில்நாம் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வராதே, என்ன?" என்றாள் அம்மா. "ரோட்டுல ஒரே கூட்டமாம். டிவியில சொன்னான்."

பில்நாமுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வழக்கமான 'சரிம்மா' நாக்கு நுனியில் தயாராக நின்றது.

"நான் வரேம்மா."

"வேண்டாங்கறேன்ல?"

"நீ வேண்டாம்னாலும் வரேன். வராதேன்னு சொன்னாலும் வரேன். கிளம்பியாச்சு. கிட்டத்துல வந்துட்டேன்."

"சொன்ன பேச்சைக் கேக்கற வழக்கமே இல்ல இவளுக்கு" என்று அம்மா சோவிடம் முறையிடுவது காதில் விழுந்தது. ஃபோன் வைக்கப்பட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பில்நாம் கூடத்துக்கு வந்தபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "வராளாம்!" என்று சீட்டாடுகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "நான் வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன், கேக்க மாட்டேங்கறா." பில்நாம் நாற்காலியை நெருங்கியதும் கையை நீட்டித் தடுத்தாள். "அங்க உக்காராதே. அது எம்பொண்ணுக்கு."

பில்நாம் நின்றாள். பிறகு அந்தக் கையை மெதுவாகப் பிடித்து நகர்த்திவிட்டு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"வந்துட்டேம்மா."

அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவள் தொடையில் பளாரென்று ஓர் அடி வைத்தாள்.

"ஏண்டி, இவ்வளவு நேரமா வர்றதுக்கு?"